நன்றியுரைக்கு மட்டும்தானா பெண்கள்?

"பொம்பளைக்குப் பேசக் கத்துக் கொடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும் பேர்வழிகள் எல்லா ஊரிலும் உண்டு. டீக்கடையிலும் உண்டு, பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் கூடும் இடத்திலும் உண்டு. கல்லூரியிலே பெண்களின் சொற்போர்க் குழு ஒன்று இருக்கிறது, அதில் நம் வீட்டுப் பெண் சேர்ந்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் போதும். இந்தச் சிரிப்பு கிளம்பிவிடும். வீட்டில் வாயாடுவது போதாதா, காலேஜுக்குப் போய் வேறு வாயாட வேண்டுமா என்று கேலி பேசுவார்கள்.

இந்தச் சிரிப்பை இலேசாக விட்டுவிட நாம் தயாராக இல்லை. காரணம், இது வெறும் சிரிப்பல்ல. இதற்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. பெண் படிக்கலாம், பட்டம் வாங்கலாம், ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று வாதாடக் கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருந்த கல்லூரியின் சரித்திரம் அது. அந்தச் சட்டத்தை இரண்டு மாணவிகள் எப்படி எதிர்த்து நின்றார்கள் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சொல்லிவிட்டு, நம் வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் விளக்கைப் பிடித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முற்போக்குக் கல்லூரியின் லட்சணம்

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்றொரு கல்லூரி உண்டு. 1833ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஆடு மாடுகளைப் போல ஏலம் போட்டு விற்றுக் கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில், 1835ம் ஆண்டிலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக் கொள்வதென்று முடிவு செய்த கல்லூரி ஓபர்லின். 1837ல் பட்டப் படிப்பில் பெண்களையும் சேர்த்துக் கொண்டது. 1841ல் மூன்று பெண்கள் அங்கே பட்டம் பெற்றார்கள்.

மெச்ச வேண்டிய காரியம்தான். நாம் மெச்சுகிறோம். ஆனால் உள்ளே நடந்தது என்ன?

மாணவ மாணவிகள் உடலுழைப்பால் ஓரளவு செலவைச் சரிக்கட்டிக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. மாணவர்கள் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்தார்கள். மாணவிகளுக்கு என்ன வேலை? ஆண் மாணவர்களின் துணிகளைத் துவைப்பது, கிழிசல் தைப்பது, சாப்பாட்டு மேஜையில் பரிமாறுவது. கல்லூரிக்குள்ளே நுழைந்த பிறகும் அடுப்பங்கரை அவர்களைப் பின்தொடர்ந்து வந்தது.

வகுப்பிலோ இன்னும் விசித்திரம். சொல்வன்மை கற்றுத் தரும் வகுப்பில் மாணவிகள் உட்காரலாம். ஆனால் பேசக் கூடாது. ஆண்கள் எழுந்து வாதாடுவார்கள். பெண்கள் கேட்டுக் கொண்டிருந்து கற்றுக் கொள்ள வேண்டும். சபையில் பெண் வாய் பேசாதிருக்க வேண்டும் என்று பைபிளில் பவுல் அடிகள் எழுதிய வாசகத்தைச் சான்று காட்டினார்கள். தங்களுக்குள் கூடிக் கட்டுரை படிக்க மாணவிகளுக்கு ஓர் இலக்கியச் சங்கம் இருந்தது உண்மை. ஆனால் ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண் குரல் எழும்பக் கூடாது என்பதே விதி. நீச்சல் கற்க வந்தவளைக் குளத்தங்கரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்துக் கற்றுக் கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அந்தப் பாடம்.

மூன்று சென்ட் கூலி

இந்தக் கல்லூரிக்கு 1843ம் ஆண்டில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பெயர் லூசி ஸ்டோன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1818ல் பிறந்தவள். அவள் பிறப்பதற்கு முந்தைய நாள் இரவும் அவள் தாய் எட்டு மாடுகளில் பால் கறந்து கொண்டிருந்தாளாம். வயிற்றில் பத்து மாதப் பிள்ளை. கையில் பால் செம்பு. இந்தக் காட்சியை நம் கிராமத்துத் தாய்மார்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அண்ணன்மார் படிப்புக்குத் தகப்பன் பணம் கொடுத்தான். மகள் படிக்கக் கேட்டபோது கை விரித்துவிட்டான். லூசி பதினாறு வயதில் பள்ளி ஆசிரியை வேலைக்குப் போனாள். ஆண் ஆசிரியர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளம். அதிலே காசு காசாகச் சேர்த்தாள். ஒன்பது ஆண்டுகள் சேர்த்த பிறகுதான் கல்லூரிக்குக் கிளம்ப முடிந்தது. அப்போது அவளுக்கு வயது 25. ஈரி ஏரியைக் கப்பலில் கடக்கும்போது அறைக்குக் கட்டணம் கட்டப் பணமில்லை. மேல்தளத்திலே மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் படுத்து இரவைக் கழித்தாள்.

கல்லூரியில் அவளுக்குக் கிடைத்தது வீட்டு வேலை. கூலி மணிக்கு மூன்று சென்ட். ஆண் மாணவர்கள் பெற்றதில் பாதிகூட இல்லை. காசை மிச்சப்படுத்த விடுதி அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டாள். 1844ல் மாணவிகள் பிரிவில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே கதை. ஆண் சொல்லிக் கொடுத்தால் ஒரு கூலி, பெண் சொல்லிக் கொடுத்தால் வேறு கூலி. இரண்டும் இரண்டும் நான்கு என்பது ஆண் சொன்னால் கொஞ்சம் அதிகமாகிவிடுமா என்ன?

ஒரே செலவைக் கட்ட ஆணைவிட இரண்டு பங்கு உழைக்க வேண்டியிருந்தது. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து வேலையையும் படிப்பையும் முடித்தாள். உடம்பு கெட்டது. 1845 பிப்ரவரியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன்னைவிட அனுபவம் குறைந்த இரண்டு ஆண்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டாள். மறுத்தார்கள். வேலையை விட்டு விலகினாள்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அவளிடம் படித்த மாணவிகள் சும்மா இருக்கவில்லை. அவளைத் திரும்ப எடுங்கள், நியாயமான சம்பளத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் நாங்கள் கொடுக்கிறோம் என்று நிர்வாகத்திடம் போய் நின்றார்கள். மூன்று மாதம் இழுபறி. கடைசியில் நிர்வாகம் பணிந்தது. லூசிக்கு மட்டுமல்ல; அங்கே பாடம் சொல்லிக் கொடுத்த மற்ற மாணவிகளுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் என்று ஒப்புக் கொண்டது.

பேச்சு வன்மையைப் பற்றி எழுத வந்தவர்கள் கூலிக் கணக்கை ஏன் இத்தனை விரிவாக எழுதுகிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. லூசி ஸ்டோன் வாதாடக் கற்றுக் கொண்டது முதலில் எங்கே? சொற்போர் மேடையிலா? இல்லை. சம்பளத்துக்காக நிர்வாகத்தின் முன் நின்றபோதுதான் கற்றுக் கொண்டாள். மணிக்கு மூன்று சென்ட்தான் அவளுடைய முதல் தலைப்பு.

காட்டிலே கூடிய சங்கம்

1846ம் ஆண்டில் ஆன்டாய்னெட் பிரவுன் என்ற மாணவி ஓபர்லினுக்கு வந்தாள். லூசியைவிட ஏழு வயது இளையவள். கிறிஸ்தவப் போதகராக வேண்டும் என்பது அவள் ஆசை. அடிமை முறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் மேடையேற வேண்டும் என்பது லூசியின் ஆசை. இருவருக்கும் தேவை ஒன்றுதான்: நின்று பேசும் பயிற்சி. கல்லூரியோ அதைத்தான் கொடுக்க மறுத்தது.

தோழிகள் இருவரும் மற்றும் சில மாணவிகளும் சேர்ந்து கல்லூரிக்கு வெளியே இரகசியமாக ஒரு சொற்போர்ச் சங்கம் அமைத்தார்கள். எங்கே கூடினார்கள் தெரியுமா? காட்டிலே, மரங்களுக்கு நடுவே. யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஒருத்தி காவல். குளிர்காலம் வந்ததும், ஊருக்கு ஒதுங்கிய இடத்தில் இருந்த வயதான ஒரு கறுப்பினத் தாயின் வீட்டில் கூடினார்கள். அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தவள் லூசி. எழுத்துக் கற்றவள் பேச்சுக் கற்பதற்கு வீட்டைக் கொடுத்தாள். இந்த உறவை எந்தக் கல்லூரி நிர்வாகமும் ஏற்பாடு செய்யவில்லை.

சொல்வன்மை வகுப்பில் தாங்கள் இருவரும் எதிரெதிராக வாதாட ஒருமுறை அனுமதியும் வாங்கினார்கள். செய்தி பரவியது. மாணவர்கள் திரண்டு வந்து கேட்டார்கள். விவாதம் வெற்றி. அடுத்தபடியாக என்ன நடந்திருக்க வேண்டும்? பாராட்டு நடந்திருக்க வேண்டும். நடந்ததோ தடை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்புகளில் பெண்கள் வாய்மொழிப் பயிற்சியில் கலந்து கொள்ளக் கூடாது என்று கல்லூரி நிர்வாகம் தீர்மானம் போட்டுவிட்டது. திக்கித் திணறி உளறியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்களோ என்னவோ! நன்றாகப் பேசியதுதான் குற்றமாகிவிட்டது.

பிறகு ஒரு பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர், பெண்ணுரிமை பற்றிப் பொதுமேடையில் வாதாட வா என்று சவால் விட்டார். லூசி ஏற்றுக் கொண்டாள். அந்தக் கனவானைத் தோற்கடித்தும் அனுப்பினாள். காட்டில் பழகிய பழக்கம் வீண் போகவில்லை.

படிக்காத கட்டுரை

1847ல் பட்டமளிப்பு விழா நெருங்கியது. சிறந்த மாணவ மாணவிகள் கட்டுரை எழுதுவது மரபு. மாணவன் எழுதினால் அவனே மேடையேறிப் படிப்பான். பட்டப் படிப்பு மாணவி எழுதினால் ஒரு பேராசிரியர் படிப்பார். அவளுடைய சிந்தனை, அவளுடைய எழுத்து. வாய் மட்டும் இன்னொருவருடையது!

மாணவிகள் தங்கள் கட்டுரையைத் தாங்களே படிக்க அனுமதி வேண்டும் என்று லூசி ஒரு மகஜர் தயாரித்தாள். அவளுடன் பட்டம் பெற இருந்தவர்களில் பெரும்பாலோர் அதில் கையெழுத்திட்டார்கள். ஆண்களும் கையெழுத்திட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நிர்வாகம் மறுத்தது. கட்டுரை எழுத லூசி தேர்ந்தெடுக்கப்பட்டாள். நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இது வீண் பிடிவாதம் அல்லவா, கருத்து நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தால் போதாதா, யார் வாய் வழியாகப் போனால் என்ன என்று கேட்கும் சமரசவாதிகள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் இது: அந்தக் கட்டுரை பேராசிரியர் வாயால் படிக்கப்பட்டிருந்தால், சபையில் இருந்த ஒவ்வொரு சிறுமியும் ஒரு பாடம் கற்றுக் கொண்டிருப்பாள். நீ எவ்வளவு நன்றாக எழுதினாலும் உன் வாய் சபைக்கு ஆகாது என்ற பாடம். கட்டுரையில் இருக்கும் கருத்து என்னவாக இருந்தாலும், மேடையில் நடக்கும் காட்சி அதைத் தோற்கடித்துவிடும். லூசி மறுத்தது அந்தக் காட்சியைத்தான்.

பட்டம் வாங்கிய லூசி மேடையேறினாள். 1848ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பிரசாரகராகச் சேர்ந்தாள். வார இறுதியில் அடிமை ஒழிப்பு, மற்ற நாட்களில் பெண்ணுரிமை என்று பேச்சுக்களைப் பிரித்துக் கொண்டாள். கூட்டத்தில் பொருள்களை வீசினார்கள். பேசப் பேச மேலே தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அவள் பேச்சை நிறுத்தவில்லை. 1855ல் திருமணம் செய்து கொண்டபோது கணவன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக் கொள்ளவும் மறுத்துவிட்டாள்.

ஓபர்லின் கல்லூரி 1883ல் தன் ஐம்பதாவது ஆண்டு விழாவைக் கொண்டாடியது. மேடையில் பேச அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் லூசி ஸ்டோன். தன் கட்டுரையைத் தானே படிக்க அனுமதி கிடைக்காத அதே கல்லூரியில், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் தம் வாயால் பேசினார். ஆன்டாய்னெட் பிரவுன் 1853ல் திருச்சபைப் போதகராக அமர்த்தப்பட்டார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை அளித்த சட்டத் திருத்தம் 1920ல் வந்தது. லூசி அதைக் காணவில்லை, 1893லேயே காலமாகிவிட்டார். ஆனால் ஆன்டாய்னெட், தமது 95வது வயதில், 1920ம் ஆண்டுத் தேர்தலில் போய் வாக்களித்தார். காட்டிலே கூடிய அந்தச் சங்கத்தின் ஓட்டு என்று அதைச் சொல்லலாம்.

திறமை இருந்தது, நேரம் இல்லை

இது நூற்று எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்திய கதை, இப்போது கதவு திறந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். கதவு திறந்தால் மட்டும் போதுமா? இன்னொரு பெண்ணின் கதையைப் பாருங்கள்.

டெக்ஸாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான வைலி கல்லூரி. மெல்வின் டோல்சன் என்ற ஆசிரியர் அங்கே ஒரு சொற்போர்க் குழுவைப் பழக்கினார். 1930ல் அந்தக் குழுவில் முதல் பெண்ணாகச் சேர்ந்தவர் ஹென்றியட்டா பெல். முதலாண்டு மாணவி. அந்த ஆண்டில் சிக்காகோ நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களோடு வைலி குழு வாதாடியது. வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் ஒரே மேடையில் சமமாக நின்று வாதாடிய முதல் கல்லூரி விவாதங்களில் ஒன்று அது. அந்த மேடையில் ஹென்றியட்டாவும் இருந்தார்.

அடுத்த ஆண்டு? குழுவில் அவர் இல்லை. யாரும் விலக்கவில்லை. திறமையும் குறையவில்லை. படித்துக் கொண்டே வேலை செய்து பிழைக்க வேண்டியிருந்தது. சொற்போருக்கு நேரம் மிஞ்சவில்லை. 2007ல் வைலி குழுவைப் பற்றித் திரைப்படம் வந்தபோதுதான், அந்த ஓராண்டு மாணவியை உலகம் திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டே, 2008ல், தமது 95வது வயதில் அவர் காலமானார்.

லூசிக்கு நேர்ந்தது வெளிப்படையான தடை. அதை எதிர்த்து மகஜர் போடலாம். ஹென்றியட்டாவுக்கு நேர்ந்ததற்கு எதிராக யாரிடம் மகஜர் கொடுப்பது? விதிப் புத்தகத்தில் தடையே இல்லை. மாலை நேரம் இல்லை, அவ்வளவுதான். ஏழை வீட்டுப் பெண்ணின் வாயைப் பூட்டும் பூட்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான்.

இரண்டு ஆட்சேபணைகள்

நம்மவர்களே இரண்டு ஆட்சேபணைகள் சொல்வதுண்டு. அவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவோம்.

ஒன்று: சொற்போரில் எந்தக் கட்சியைக் கொடுக்கிறார்களோ அந்தக் கட்சிக்காகப் பேச வேண்டும், இன்று ஆம் என்பார்கள், நாளை இல்லை என்பார்கள், இது கொள்கையற்ற விளையாட்டு அல்லவா? அது கடைசி இலட்சியமாகிவிட்டால் நிச்சயமாக ஆபத்துத்தான். ஆனால் எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவன்தான் அவனை முறியடிக்க முடியும். இது நாம் ஆலை வாயிலில் கற்ற பாடம். நிர்வாகம் என்ன சொல்லும் என்று முதல் நாளே உட்கார்ந்து பேசிப் பார்க்காமல் பேச்சுவார்த்தைக்குப் போய் முழித்த அனுபவம் நமக்கு உண்டு. சவால் விட்ட பத்திரிகைக்காரர் என்ன சொல்வார் என்பது லூசிக்கு முன்பே தெரிந்திருக்கும். அத்தனை வாதங்களையும் தோழியின் வாயிலிருந்து கேட்டவள் அவள்.

இரண்டு: மேடையில் பேசும் பெண்கள் வசதியுள்ள வீட்டுப் பெண்கள்தானே, உழைக்கும் பெண்ணுக்கு இதனால் என்ன? இதற்கு லூசியின் மூன்று சென்ட்டே பதில். பேசத் தெரியாத உழைப்பாளிக்குக் குறைந்த கூலிதான் கிடைக்கும். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மட்டுமே மேடையேறுகிறார்கள் என்றால், மேடையைக் குறை கூறிப் பயனில்லை. மற்றப் பெண்கள் ஏறவும் வழி செய்ய வேண்டும்.

நம் மேடை எப்படி?

நாம் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். பேசக் கற்றதெல்லாம் வாயிற் கூட்டத்திலும் தெருமுனையிலும்தான். முதல் நாள் மைக்கைப் பிடித்தபோது கால் நடுங்கியது, நா வறண்டது, சொல்ல வந்ததில் பாதி மறந்து போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. "பழகப் பழக வந்துவிடும், தோழர்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமும் மைக்கைக் கொடுத்தார்கள். அப்படித்தான் நாம் பேச்சாளர் ஆனோம்.

அதே மைக்கை எத்தனை பெண் தோழர்களுக்கு அப்படிக் கொடுத்தோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். நம் கூட்ட நோட்டீஸ்களை எடுத்துப் பாருங்கள். தலைமை ஓர் ஆண். முன்னிலை ஆண்கள். சிறப்புரை ஆண்கள். கடைசி வரியில், நன்றியுரை என்ற இடத்தில், ஒரு பெண் பெயர். அவர் பேச எழும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். கூட்டம் எழுந்து வேட்டியை உதறிக் கொண்டிருக்கும். நாற்காலிக்காரர் நாற்காலியை மடக்கிக் கொண்டிருப்பார். "சீக்கிரம் முடியம்மா, பஸ் போயிடும்" என்று நாமே சொல்லியிருக்கிறோம். பிறகு, பெண்களில் பேச்சாளர் உருவாகவில்லையே என்று கமிட்டியில் உட்கார்ந்து கவலைப்படுகிறோம்!

ஓபர்லின் பேராசிரியர்கள் கெட்டவர்கள் அல்ல. அடிமை முறையை எதிர்த்தவர்கள். நாடே மறுத்ததைத் துணிந்து செய்தவர்கள். அப்படிப்பட்டவர்களே தங்கள் வகுப்பில் பெண் வாய் திறப்பதைத் தடுத்தார்கள் என்றால், நாம் மட்டும் பரிசுத்தவான்கள் என்று மார்தட்டிக் கொள்ள முடியுமா?

ஆகவே சில காரியங்களைச் சொல்கிறோம். கல்லூரிப் பெண்களின் சொற்போர்க் குழு என்றால் கேலிப் பொருள் என்று நினைப்பதை விடுங்கள். அதில் சேர்ந்த பெண்ணுக்கு மாலையில் ஒரு மணி நேரம் வேண்டும். வீட்டு வேலையில் ஒரு பங்கை அண்ணனும் தம்பியும் ஏற்கட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் பஸ் கட்டணம் வேண்டும். மகன் கிரிக்கெட் மட்டை கேட்டால் எங்கிருந்து புரட்டுகிறோமோ அங்கிருந்தே புரட்டுவோம். விடுதிக் கதவு அடைக்கும் நேரம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றிருந்தால் மாணவர் அமைப்புகள் அதைக் கேட்கட்டும். நம் கூட்டங்களில், நோட்டீஸில் இரண்டாவது பெயராகவோ மூன்றாவது பெயராகவோ ஒரு பெண் பெயர் வரட்டும்; கூட்டம் நிறைந்திருக்கும் எட்டு மணிக்கு அவர் பேசட்டும். முதல் நாள் தடுமாறினால் நமக்குத் தட்டிக் கொடுத்ததைப் போல அவருக்கும் சொல்வோம். அடுத்த வாரமும் மைக்கைக் கொடுப்போம்.

நாளை உங்கள் வீட்டுப் பெண் கல்லூரியிலிருந்து வந்து, "அப்பா, சொற்போர்க் குழுவில் என்னைச் சேர்த்துக் கொண்டார்கள்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். தலைப்பு என்ன, நீ எந்தக் கட்சி என்று கேளுங்கள். எதிர்க்கட்சியை நீங்கள் எடுத்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அவளோடு வாதாடிப் பாருங்கள். தோற்றுப் போனால் வருத்தப்பட வேண்டாம். ஓர் ஆள் தேறிவிட்டது என்று சந்தோஷப்படுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் கடைசி வரியை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள், தோழர்களே. நாமும் படித்துப் பார்க்கிறோம்.